பம்புசெட் சுவரில் சிரித்த அம்மா

அக்கா சுவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில். எங்கள் தோட்டத்துப் பம்புசெட் அறையின் வடக்குச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் நிழல் இருந்தது. கயத்தாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து, ரோட்டில் இறங்கி, பருத்திக் காட்டு வழியாக நடந்து வந்திருக்கிறாள். கக்கத்தில் வைத்திருந்த பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கியது, எருமை கன்று போட்டது, மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனது எல்லாவற்றையும் சுவரிடம் சொன்னாள். நடுநடுவே பதிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நிறுத்தினாள்.

நான் பத்தடி பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சுவரில் எங்கள் அம்மாவின் படம் இருந்தது. அதை வரைந்தவன் நான் இல்லை. நான் வரைந்த அம்மா வீட்டுக்குள், சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வந்தால் அந்தப் படத்துக்கு ஒரு பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், வெளியே வந்துவிடுவாள். ஒருநாள்கூட அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் கடையைப் பற்றியும் என் கைத்திறமையைப் பற்றியும் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன். வாசகர்களும் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொண்டீர்கள். இந்த வாரம் என் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் நான் சளைத்தவன் இல்லை.

செத்தவர்களின் ஓவியன்

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் என் கடை. கடை போர்டு எழுதுவேன், லாரிக்கு நம்பர் எழுதுவேன், தேர்தல் வந்தால் சுவரெல்லாம் சின்னம் வரைவேன். ஆனால் அடுப்பு எரிந்தது செத்தவர்களால்தான்.

அந்தக் காலத்தில் கரிசல் காட்டு ஊர்களில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? பெரியவர் செத்துப்போவார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வீட்டில் படம் மாட்ட வேண்டும். போட்டோ கிடையாது. எப்படியாவது போட்டுத் தாருங்கள் என்று வந்து நிற்பார்கள்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். செத்தவரின் சொந்தக்காரர்களை அழைத்து வரச் சொல்வேன். வண்டி கட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். கண் அண்ணனுடையது, மூக்கு மகளுடையது, தாடை தாய்மாமனுடையது என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் ஒன்றை எடுத்து ஒரு முகம் கட்டுவேன். ஒரு தடவை இரண்டு மகன்கள், அப்பாவின் மூக்கு தன் மூக்குத்தான் என்று ஆளுக்காள் சண்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூக்கு போட்டேன். இருவரும் திருப்தியாகப் போனார்கள்.

பிறகு ஆசைகள் வரும். உயிரோடிருக்கும்போது வாங்கிக் கொடுக்காததையெல்லாம் படத்தில் போடச் சொல்வார்கள். புதூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், ஆடு மேய்த்தே வாழ்ந்து செத்த தன் தகப்பனார் கையில் ஒரு வாட்ச் வேண்டும் என்றார். போட்டேன். மணி எத்தனை வைக்க என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, சாப்பாட்டு நேரமாக வையுங்கள் என்றார்.

படத்தைப் பார்த்த எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அப்படியே இருக்கு. நானும் நம்பினேன்.

பக்கத்துக் கடை காசிம் பாய் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். என் செத்தவர்கள் எல்லோருக்கும் சட்டம் அடித்துக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவர் அவர். படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார். லட்சணமா இருக்கு என்பார். அது பாராட்டு என்றுதான் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முகம்

அப்பா போன பிறகு இடைசெவலுக்குக் கிழக்கே இருந்த எங்கள் காட்டை அம்மா தனியாகக் கட்டி மேய்த்தாள். கம்பு, பருத்தி, உளுந்து. கிணறு வெட்டுவதற்காகக் காதில் கிடந்த பாம்படத்தை விற்றாள். அதன் பிறகு தோள்வரை தொங்கும் வெறும் காதோடுதான் நடமாடினாள். அதிகம் பேச மாட்டாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இதைப் பெரிய குறையாக அப்போது நினைக்கவும் இல்லை. எங்கள் பக்கம் அம்மாக்கள் பலரும் அப்படித்தான்.

நான் கடை வைத்த பிறகு எத்தனையோ தடவை போட்டோ எடுக்கக் கூப்பிட்டேன். செத்த பிறகு எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டாள். ஓர் ஐப்பசியில், நல்ல மழைக்குள், இரண்டு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்னபடியே உட்கார வைத்துப் போட்டோ எடுக்கலாம் என்று நான் கிளம்ப, செத்த முகத்தை வீட்டில் மாட்ட வேண்டாம் என்று அக்கா தடுத்துவிட்டாள்.

ஆக, ஊரார் அம்மாவையெல்லாம் வரைந்தவன் என் அம்மாவை வரைய உட்கார்ந்தேன். சித்தியின் கண், அக்காவின் மூக்கு, நெற்றி மட்டும் கண்ணாடியில் பார்த்து என்னுடையது. அரக்குப் பட்டு உடுத்திவிட்டேன். விற்ற பாம்படத்தைத் தங்க வர்ணத்தில் திரும்ப மாட்டினேன். அதைப் போடும்போது அழுதேன் என்பதும் உண்மை.

பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லோரும் அப்படியே இருக்கு என்றார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சேலை நிறம் நல்லாருக்கு என்றாள்.

சுடலைமுத்து

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுடலைமுத்து ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலை பார்த்தவன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே ஒருநாள் தீப் பிடித்தது. அவன் வெளியே வந்துவிட்டான், கூட வேலை பார்த்த இருவர் வரவில்லை. அவனுக்கு இடது கை வெந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு கூரைக்குக் கீழே படுக்க மாட்டான். பத்து நாள் பேசாமல் இருப்பான், பதினோராம் நாள் நிறுத்தாமல் பேசுவான். பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஊருக்கு அவன் கிறுக்கன்.

கிறுக்கன் சுவர் கண்ட இடத்தில் வரைவான். பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திக் குச்சியை, வாய்க்கால் கரையில் எரித்த கரி ஒரு சிரட்டையில் இருக்கும். பெரிய படம் என்றால் கரிசல் மண்ணை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கருவேலம் பிசின் சேர்த்துக் குழைப்பான். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. தட்டி நாராக்கிய பனைமட்டைதான் தூரிகை. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஒருமுறை இரக்கப்படுகிறவன்போல, மிச்சமிருந்த எனாமல் பெயின்ட் டப்பாக்கள் மூன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையில் இரக்கம் இல்லை. வர்ணத்தைத் தொட்டால் கெடுத்துக்கொள்வான் என்று ஒரு கணக்கு. அவன் பெயின்டைப் புழுதியில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைத் தேய்த்துக் கழுவி, மண் ஊறவைக்க வைத்துக்கொண்டான்.

அம்மா அவனுக்குக் கஞ்சி ஊற்றுவாள் என்பது எனக்குத் தெரியும். தினமும் உச்சியில், பெரியம்மை என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு பம்புசெட் பக்கம் வந்து உட்காருவானாம். அவள் பேசுவாளாம், அவன் கேட்டுக்கொண்டிருப்பானாம். எங்களோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் ஒரு கிறுக்கனிடம் என்ன பேசியிருப்பாள் என்று நான் யோசித்ததில்லை.

அவள் செத்து நாலு மாதம் கழித்து, மாசியில், யாரையும் கேட்காமல் அந்த வடக்குச் சுவரில் அவன் அவளை வரைந்தான். மேலே தகரச் சரிவு நீண்டிருந்ததால் மழை படாத சுவர் அது.

சுவர் முழுக்கக் கரிசல் பூசியிருந்தான். அம்மாவை மட்டும் பூசாமல் விட்டிருந்தான். கறுப்புக்கு நடுவில் சுண்ணாம்பு வெள்ளைதான் அம்மா. குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது, இடது பக்கம் ஒரு பல் இல்லை. வெறும் காது இரண்டும் ஆடுகின்றன. வாயைப் பொத்த வலது கை கிளம்பிவிட்டது, ஆனால் இன்னும் போய்ச் சேரவில்லை.

அம்மா சிரிக்கிறாள்.

கண்ணுக்கு இரண்டே இழுப்பு. மூக்கு என்று தனியாக ஒன்றுமே இல்லை. அளவு பார்த்தால் கை நீளம் அதிகம். இத்தனை குற்றமும் கண்டுபிடித்துவிட்டு, நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சட்டம் போட முடியாத படம்

செய்தி பரவிவிட்டது. பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் அந்த வழியாகவே போனார்கள். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் வரத் தொடங்கினாள். கோவில்பட்டிக் கடையில் ஒரு வாடிக்கைக்காரர், பெஞ்சில் தன் சொந்தக்காரர்களை உட்கார வைத்துவிட்டு, உங்க அம்மாவை பம்புசெட்டில் போட்டிருக்கிற மாதிரி போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் இருந்தவர்களின் மூக்கு எதுவும் எனக்குச் சரியாக வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிம் பாயை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் வாயால் இது கிறுக்கன் வேலை என்று கேட்டால் ராத்திரி தூங்கலாம் என்று ஆசை. பாய் வெயிலில் வெகு நேரம் நின்றார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குச் சட்டம் போட முடியாதே, அண்ணாச்சி” என்றார்.

அவ்வளவு வருத்தமாகச் சொன்னார். என் படங்களுக்கு அவர் அடித்த சட்டங்கள் ஆயிரம் இருக்கும். அந்தப் படங்களில் ஒன்றையாவது இழந்துவிடுவோமோ என்று அவர் வருந்தி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தேன். அந்தப் படத்தை நானே எடுத்து வரைவது. பெரிய துணியில், ஆயில் பெயின்டில், என் கையெழுத்தோடு. வருஷத் திவசத்துக்கு அதை வீட்டில் மாட்டிவிட்டால் அக்கா பேச வேண்டியதை வீட்டுக்குள் வந்து பேசுவாள். படம் அவன் கையில் பிறந்திருந்தாலும் அம்மா என் அம்மாதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நீல நூல்

எங்கள் தொழிலில் ஒரு படத்தைப் பெரிதாக்கவோ நகல் எடுக்கவோ முதலில் கட்டம் போடுவோம். துணிக்குப் போடும் நீலத்தில் நூலை முக்கி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். நெடுக்கும் குறுக்குமாகக் கோடு விழுந்த பிறகு முகம் முகமாக இருக்காது. வெறும் கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை இங்கே அப்படியே போட்டால் போதும். பயம் போய்விடும்.

பங்குனி வெயிலில், எல்லோரும் பருத்திக் காட்டில் இருந்த நேரம், அம்மாவின் மேல் கட்டம் போட்டேன். ஒரு முனைக்கு ஆணி, மறு முனைக்கு என் கை. நூல் சுண்டுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

காகிதத்தில் கட்டம் கட்டமாக எடுத்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எல்லாம் முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், பல்வலிக்காரி ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிழித்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும் பல்வலி.

அப்போதுதான் பின்னால் சுடலைமுத்து நின்றதைக் கண்டேன். எத்தனை நேரமாக நின்றானோ. கையில் தூக்குச்சட்டி. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெரியம்மையச் சன்னலுக்குள்ள போட்டு அடைச்சிட்டியளே, அண்ணாச்சி” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்கிற மாதிரி கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், கம்பிக்குப் பின்னால் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவமானத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “ஏலே, அவ சிரிச்சத நீ எங்கன பாத்த? பெத்த பிள்ளை நானே பாத்ததில்ல.”

அவன் தரையில் உட்கார்ந்தான். அது அவனுக்குப் பேச்சு வந்த நாள்.

“ஒங்களப் பத்திச் சொல்லும்போதுதான் சிரிச்சாவ. நீங்க சின்னப் பிள்ளையில, புதுசா வெள்ளையடிச்ச சொவத்துல சாணிய வச்சி யானை போட்டியளாம்லா. பெரியம்மை விளக்குமாத்த எடுத்து வெளுத்துட்டாவளாம். பெறகு தொழுவத்துக்குள்ள போயி, ஒத்தையில நின்னு சிரிச்சாவளாம். யானைக்கு அஞ்சு காலாம். அதச் சொல்லிட்டுத்தான் இங்கன உக்காந்து இப்படிச் சிரிச்சாவ.”

விளக்குமாற்று அடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழுவத்துக்குள் நடந்தது எனக்கு யாரும் சொல்லவில்லை. என் முதல் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அதை மாட்டுக்கு முன்னால் சிரித்திருக்கிறாள், கிறுக்கனுக்கு முன்னால் சிரித்திருக்கிறாள், எனக்கு முன்னால் சிரிக்கவில்லை. அந்த நிமிஷம் மாட்டின் மேல்கூடப் பொறாமைப்பட்டேன்.

கோடுகளை உடனே அழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதில் கள்ளம் ஏதும் இல்லை, நம்புங்கள். தொட்டித் தண்ணீரில் துணியை நனைத்தேன். எனாமல் போர்டில் நீலக்கோட்டை அழிக்க ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும். பத்து வருஷம் அப்படிச் செய்து பழகிய கை. மண்ணும் பிசினும் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று கை யோசிக்கவில்லை.

ஓர் இழுப்பு. கறுப்பு வெள்ளைக்குள் இறங்கியது. பதறி, இறங்கியதைத் துடைக்க இன்னோர் இழுப்பு. வாயும், வாயைப் பொத்த வந்த கையும் சேர்ந்து கறுப்பில் கரைந்து துணியோடு வந்துவிட்டன.

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதப்போவதைத்தான் பல வருஷமாகத் தள்ளிப்போட்டேன். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. என் படத்தைவிட நல்ல படம் இனிமேல் இல்லை. அரை நொடிதான். அப்புறம்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

சுடலைமுத்துவின் முன்னால் மண்டியிட்டேன். “இன்னொரு தடவ போட்டுத் தா, சுடலை. ஒன்னைக் கும்பிடுதேன்.”

அவன் அழிந்த இடத்தைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். ரொம்ப நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எதையோ தேடுகிறான் என்று தெரிந்தது.

“வரலையே, அண்ணாச்சி. போட்டுட்டா எனக்கு உள்ள இருந்து போயிரும். அதுக்குத்தான் போடுதேன்” என்றான்.

வெள்ளிக்கிழமை

அக்கா வழக்கம்போல வந்தாள். வரப்பிலேயே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே போய், அம்மாவின் வாய் இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

யார் செய்தது என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. உடை முள்மரத்தடியில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான். அவன் கையில் எப்போதும்போலக் கரிசல் அப்பியிருந்தது. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

யாரையும் அதிர்ந்து பேசாதவள் அவள். “அவ கையால கஞ்சி குடிச்சிட்டு அவ மூஞ்சியிலயே பூசி அழிச்சிட்டியே, பாவி” என்றாள்.

சுடலைமுத்து என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு புதூர் போகும் பாதையில் நடந்தான். அதன் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அங்கே ஒரு களத்துச் சுவரில் அவன் போட்ட படம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அக்கா இப்போதும் கயத்தாற்றில்தான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. தம்பி எழுதுவதாயிற்றே என்று, இந்தத் தொடரை வாரம் தவறாமல் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். கிறுக்கன் பேச்சு எப்போதாவது வந்தால் இன்றைக்கும் அவனைச் சபிக்கிறாள். நேரில் சொல்ல எத்தனையோ தடவை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

மருமகளே, இந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. அக்கா, அம்மாவைத் துடைத்தது அவன் இல்லை. நான்.